ஆயிரம் கெஜம் அளக்கிற கருவி ஒரு கிரவுண்டுக்கு ஆகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால் ஷாப்பிங் தளங்களை எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கும் நண்பர்கள் அங்கே தேடும் பொருட்களில் ஒன்று, லேசரால் தூரம் அளக்கும் கருவி. மனை வாங்குகிறவர், வீடு கட்டுகிறவர், ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர் என எல்லோருக்கும் அளவு பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது. டேப் என்றால் மறுமுனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். லேசர் என்றால் பட்டனை அழுத்தினால் போதும். நியாயமான ஆசைதான்.

ஆனால் அவர்கள் என்னிடம் காட்டும் விளம்பரங்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. பாதிக்கு மேல் 'ஹன்டிங் ரேஞ்ச் ஃபைண்டர்' என்று பெயர் போட்டவை. அதாவது, வெளிநாடுகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் தூரத்தில் நிற்கும் மானைப் பார்த்து அளப்பதற்காகச் செய்தவை. கூடவே அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். "சார், இது 1000 கெஜம் அளக்குமாம். அது வெறும் 40 மீட்டர்தான் அளக்குமாம். அப்போ இதுதானே நல்லது?"

இல்லை. அதிக தூரம் அளப்பது வேறு, சரியாக அளப்பது வேறு. பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அளவுக் கருவி வாங்குவது, பி.எம்.பி.ஓ. வாட்ஸைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கிய கதைதான். ஸ்பீக்கர் ஏமாற்றினால் பாட்டு கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். அளவு ஏமாற்றினால் நஷ்டம் சதுர அடிக் கணக்கில் வரும்.

லேசர் எப்படி அளக்கிறது?

விஷயம் ரொம்ப எளிது. கருவி ஒரு லேசர் ஒளியை அனுப்புகிறது. அது சுவரிலோ மரத்திலோ பட்டுத் திரும்பி வருகிறது. போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கருவிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கணக்குப் போடுகிறது. ஒளியின் வேகம் நமக்குத் தெரியும்: நொடிக்கு 29,97,92,458 மீட்டர். வேகத்தை நேரத்தால் பெருக்கி, பாதியாக்கினால் தூரம்.

சிக்கல் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்பு முடிவதற்குள் ஒளி சுமார் 10 செ.மீ. போய்விடும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளில் பட்டுத் திரும்ப லேசருக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு நேரம்கூட ஆகாது. ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமானால் சுமார் 6.7 நானோ செகண்டு வரை பிரித்தறிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமானால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்தறிய வேண்டும்.

அதனால்தான் இரண்டு வகைக் கருவிகள் இருக்கின்றன. வேட்டைக்காரர்களும் கோல்ஃப் ஆடுகிறவர்களும் வைத்திருக்கும் கருவி, கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தை நேரடியாக அளக்கிறது. வெகுதூரம் போகும். ஆனால் பிழை கூட்டியோ குறைத்தோ ஒரு கெஜம், அதாவது மூன்று அடி வரை இருப்பது சகஜம். வீடு கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கைக்கருவி வேறு மாதிரி. கண்ணுக்குத் தெரியும் சிவப்புப் புள்ளி அல்லது பச்சைப் புள்ளி. லேசரின் பலத்தைச் சீரான அலைபோல ஏற்றி இறக்கி அனுப்பும். திரும்பி வரும் அலை எந்த அளவு தள்ளி வருகிறது என்று ஒப்பிட்டு அளக்கும். இது 40, 60, 100 மீட்டர் வரைதான் போகும். ஆனால் பிழை 2 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தின் லைக்கா நிறுவனம் 1993-ல் 'டிஸ்டோ' என்ற பெயரில் இந்த வகைக் கைக்கருவியைக் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன.

நெடுந்தூரக் கருவி எங்கே தேவை? ஆவடியைக் கேளுங்கள்

தொலைவில் இருப்பதை லேசரால் அளக்கும் வேலைக்கு நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 2021-ல் ஆயுதத் தொழிற்சாலைகள் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் லிமிடெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. 1965-ல் இங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கியில் 105 மி.மீ. பீரங்கி இருந்தது. அந்த வடிவமைப்பில் தூரம் கண்டுபிடிக்க லேசர் கிடையாது. பீரங்கியோடு ஒரு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தியிருந்தார்கள். முதலில் அதைச் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு இலக்கில் விழுந்தால் தூரம் சரி என்று பொருள். அப்புறம்தான் பெரிய பீரங்கி.

லேசரே 1960 மே மாதம்தான் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிர்ந்தது. தியோடர் மைமான் என்ற விஞ்ஞானியின் வேலை அது. பிறகு ராணுவங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆவடியில் 1980-களில் தயாரிப்புக்கு வந்த டி-72 எம்-1 டாங்கியின் குறிபார்க்கும் கருவியிலேயே லேசர் ரேஞ்ச் ஃபைண்டர் இருக்கிறது. ஆவடியிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில், லேசர் சொல்லும் தூரம் ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பீரங்கியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர் சொல்கிறது. 2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் பிரதமர் ராணுவத்திடம் ஒப்படைத்த அர்ஜுன் மார்க் 1-ஏ வரை இதே அடிப்படைதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டாங்கிகளுக்கான லேசர் கருவிகளில் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் பிழை இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு டாங்கியை அடிக்க அது போதும். அந்த வேலைக்கு அது சிறந்த கருவி. அதே கருவியைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு ஹாலை அளந்தால்?

வேட்டைக்காரர் கணக்கும் அப்படித்தான். துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போகாது. போகப் போகக் கீழே இறங்கும். 300 கெஜமா, 400 கெஜமா என்று தெரியாவிட்டால் குறி தப்பும். ஆனால் 400 கெஜத்தில் ஒரு கெஜம் முன்னே பின்னே ஆனால், குண்டு இறங்கும் அளவு ஓர் அங்குலம்கூட மாறாது. ஆகவே ஒரு கெஜம் பிழை அவருக்குப் பிழையே அல்ல.

நம் நாட்டில் வேட்டை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே, 'ஹன்டிங்' என்று பெயர் போட்ட கருவிக்கு இங்கே அந்தப் பெயருக்கு உரிய வேலை கிடையாது. காட்டில் அதற்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. புள்ளிமான், கடமான் கணக்கெடுக்கும் ஆராய்ச்சியாளர்களும் வனத்துறையினரும் ஒரு நேர்கோட்டுப் பாதையில் நடந்து, தென்படும் மான் கூட்டம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இதே வகைக் கருவியால் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். அதை வைத்துத்தான் காட்டில் எத்தனை மான் இருக்கும் என்ற மதிப்பீடு வருகிறது. அங்கும் ஒரு கெஜம் பெரிய விஷயமில்லை.

உங்கள் மனைக்கு மூன்று அடி என்றால் என்ன?

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. 40 அடிக்கு 60 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவடி, திருநின்றவூர் பக்கம் மனைப் பிரிவுகளில் வழக்கமாகப் பார்க்கும் அளவுதான்.

ஒரு கெஜம் பிழை உள்ள கருவியால் அளக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மூன்று அடி கூடுதலாகக் காட்டினால் 43 பெருக்கல் 63. அதாவது 2709 சதுர அடி. இரண்டும் மூன்று அடி குறைவாகக் காட்டினால் 37 பெருக்கல் 57. அதாவது 2109 சதுர அடி. இரண்டுக்கும் நடுவில் 600 சதுர அடி. கால் கிரவுண்டு! அந்தக் கால் கிரவுண்டு உண்மையிலேயே குறைகிறதா, கருவி குறைத்துக் காட்டுகிறதா என்று உங்களால் சொல்லவே முடியாது. இந்த அளவை வைத்துக்கொண்டு விற்பவரிடம் போய்ப் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மனையை 2 மி.மீ. பிழை உள்ள 40 மீட்டர் கருவியால் அளந்தால், மொத்தப் பரப்பில் வரும் வித்தியாசம் ஒரு சதுர அடிக்கும் குறைவு. இத்தனைக்கும் இந்த மனையில் நீங்கள் அளக்க வேண்டிய மிக நீளமான கோடு மூலைவிட்டம்தான். அது 72 அடி, மீட்டரில் 22. ஆக, 40 மீட்டர் கருவியே தாராளம். மீதி 900 மீட்டர் உங்கள் மனையைத் தாண்டி, பக்கத்துத் தெருவையும் தாண்டிப் போகிறது. அதற்கு ஏன் காசு?

பெட்டியின் மேல் இருக்கும் எண்

நெடுந்தூரக் கருவிதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. பறவை பார்க்கிறவர்கள், கோல்ஃப் ஆடுகிறவர்கள், பெரிய பண்ணை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கும் சொல்கிறேன். பெட்டியில் 1000 கெஜம் என்று போட்டிருந்தால், அது பளபளவென்று ஒளியைத் திருப்பி அனுப்பும் போர்டு மாதிரியான பொருளுக்கு உரியது. மரத்துக்கு அதைவிடக் குறைவு. மானுக்கு அதையும்விடக் குறைவு. நல்ல கம்பெனிகள் மூன்று எண்களையும் தனித்தனியாகப் போடும். ஒரே ஒரு எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இன்னொரு தந்திரம், புள்ளிக்குப் பின்னால் வரும் எண். டிஸ்பிளேயில் 187.4 என்று காட்டுவதால் கருவி பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டுவது வேறு, துல்லியம் வேறு. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காக நீங்கள் கொடுத்த எண் சரியாகிவிடுமா?

மூன்றாவது, கெஜமா மீட்டரா என்ற குழப்பம். 1000 கெஜம் என்பது 914 மீட்டர்தான். பல கருவிகளில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் யூனிட் மாறிவிடும். திரையின் ஓரத்தில் உள்ள சின்ன எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் நூற்றுக்கு ஒன்பது மீட்டர் போய்விடும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

1. முதலில் உங்கள் வேலையில் மிக நீளமான கோடு எது என்று எழுதுங்கள். வீட்டுக்குள் மட்டும் என்றால் 20 மீட்டர் கருவி போதும். ஒன்றிரண்டு கிரவுண்டு மனைக்கு 40 அல்லது 60 மீட்டர்.

2. பிழை எவ்வளவு என்பதைத் தேடிப் படியுங்கள். கூட்டல் கழித்தல் குறியோடு 1.5 மி.மீ. அல்லது 2 மி.மீ. என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண்ணே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

3. ஐ.எஸ்.ஓ. 16331-1 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கையில் பிடிக்கும் லேசர் அளவுக் கருவிகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் உலகத் தரம் அது. அதன்படி சோதித்த கருவியில் எண்களைக் கம்பெனி இஷ்டத்துக்குப் போட முடியாது.

4. லேசர் வகுப்பு 2, ஒரு மில்லிவாட்டுக்குக் குறைவு என்று இருக்க வேண்டும். அப்போதும் ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கருவியை உயரத்தில் வையுங்கள். வாகனம் ஓட்டுபவர் மேலும், விமானம் பறக்கும் பக்கமும் விளையாட்டுக்குக்கூட அடிக்காதீர்கள்.

5. சாய்வு உணரும் வசதி இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

6. புளூடூத் அவசியமில்லை. நாலு எண்ணைத் தாளில் எழுதிக் கம்ப்யூட்டரில் தட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் காசை நல்ல கம்பெனிக் கருவிக்குப் போடுங்கள்.

7. வாரன்டி, திருப்பிக் கொடுக்கும் வசதி இரண்டும் இருக்கும் இடத்தில் வாங்குங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும்.

வாங்கிய அன்றே சோதியுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வெர்னியர் காலிபரை எடுத்தவுடன் அளக்க மாட்டார். முதலில் வாயை மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். லேசர் கருவிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

முதல் சோதனை. ஒரே இடத்தில் கருவியை வைத்து, ஒரே சுவரைப் பத்து முறை அளந்து எழுதுங்கள். எண்கள் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. சென்டிமீட்டர் கணக்கில் குதித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனை. நல்ல ஸ்டீல் டேப்பால் மூன்று மீட்டர் குறித்து, கருவியால் அதையே அளந்து ஒப்பிடுங்கள். தொய்ந்துபோன துணி டேப் வேண்டாம்.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. இதற்கு டேப்பே தேவையில்லை. நேர்கோட்டில் மூன்று சாக்பீஸ் குறி போடுங்கள். முதல் குறியிலிருந்து மூன்றாவது வரை மொத்தமாக அளங்கள். 20.004 மீட்டர் என்று வருகிறது. பிறகு முதலிலிருந்து இரண்டாவது வரை, இரண்டிலிருந்து மூன்றாவது வரை எனத் தனித்தனியாக அளங்கள். 8.004, 12.004 என்று வருகிறது. இரண்டையும் கூட்டினால் 20.008. மொத்த அளவைவிட 4 மி.மீ. கூடுதல். அப்படியென்றால், கருவி ஒவ்வொரு முறையும் 4 மி.மீ. கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். பொய் சொல்கிற கருவியை அதன் வாயாலேயே பிடிக்கும் முறை இது.

அளந்ததை வேறொரு வழியில் சரிபார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் ரோடு பிடித்துப் போனால் வரும் பரங்கிமலை அடிவாரத்தில்தான் 1802 ஏப்ரல் 10-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல் நீளம். நூறு அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு அளக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி வைத்து அதையும் கணக்கில் சேர்த்தார். அதோடு விடவில்லை. பிறகு பெங்களூர் அருகே இன்னொரு கோட்டைத் தரையில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கையில் பட்டன் இல்லாத காலத்தில் அவ்வளவு பாடுபட்டார்கள். நாம் மூன்று சாக்பீஸ் குறி போடக் கூடாதா?

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை

பட்டனை அழுத்தும் முன் முதலில் பார்க்க வேண்டியது, கருவி எந்த முனையிலிருந்து அளக்கிறது என்பது. பின்பக்கத்திலிருந்தா, முன்பக்கத்திலிருந்தா? திரையில் ஒரு சின்னப் படம் காட்டும். மாற்றி வைத்தால் கருவியின் நீளம் அப்படியே பிழையாகும். 11 செ.மீ. நீளக் கருவி என்றால், 10-க்கு 12 அடி அறையில் 8 சதுர அடி கூடிவிடும். மூன்று அறைக்கு எவ்வளவு என்று நீங்களே உங்கள் பகுதி விலையால் பெருக்கிக் கொள்ளுங்கள்.

அடுத்தது சாய்வு. 20 மீட்டர் தூரத்தை 5 டிகிரி சாய்த்துப் பிடித்து அளந்தால் 7.6 செ.மீ. கூடுதலாக வரும். ஒரு டிகிரி என்றால் வெறும் 3 மி.மீ.தான். சாய்வு உணரும் கருவி இதைத் தானே கழித்துவிடும். இல்லாவிட்டால் ஒரு ரசமட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம்ம ஊர் வெயில். பகல் 12 மணிக்குத் திறந்த மனையில் நின்றால் பத்து மீட்டர் தள்ளியுள்ள சிவப்புப் புள்ளியே கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ அளங்கள். எதிர் முனையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை நிற்க வைத்தால் புள்ளியும் தெரியும், ஒளியும் ஒழுங்காகத் திரும்பும். கண்ணாடி ஜன்னல், பாலிஷ் போட்ட கிரானைட், ஏரித் தண்ணீர் இவற்றை நம்பி அளக்காதீர்கள். ஒளி ஊடுருவியோ வேறு பக்கம் சிதறியோ போய்விடும்.

ஆவடி, அதைச் சுற்றிய பகுதிகளில் ராணுவ, விமானப்படை வளாகங்கள் நிறைய. தடை செய்யப்பட்ட பகுதி என்ற போர்டு இருக்கும் மதில் பக்கம் ரேஞ்ச் ஃபைண்டரைத் திருப்பிப் பார்ப்பது வேண்டாத வம்பு.

கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

அளந்த எண்களை எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ போட்டு வையுங்கள். புதிதாக ஸ்பிரெட்ஷீட் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு பத்தியில் மீட்டர்; அடுத்த பத்தியில் அதை 0.3048 ஆல் வகுத்தால் அடி. பரப்பை 435.6 ஆல் வகுத்தால் சென்ட்.

ஒரு முக்கியமான விஷயம். நான்கு பக்கத்தை மட்டும் அளந்து பெருக்காதீர்கள். மூலைவிட்டம் கட்டாயம் வேண்டும். 40, 60, 40, 60 என்று நான்கு பக்கமும் சரியாக இருக்கலாம். ஆனால் மனை சாய்ந்திருந்து ஒரு மூலைவிட்டம் 80 அடி என்று வந்தால், பரப்பு 2400 அல்ல. 2324 சதுர அடிதான். 76 சதுர அடி காணாமல் போய்விடும்! இரண்டு மூலைவிட்டமும் சமமாக, 72 அடி ஓர் அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மூலைகள் மட்டமாக உள்ளன என்று பொருள். சாய்ந்த மனை என்றால் மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாகப் பிரியுங்கள். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் மூன்று எண்களையும் பாதியையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு முக்கோணத்தின் பரப்பு. ஒரு முறை ஃபார்முலா போட்டுவிட்டால் ஆயுசுக்கும் ஆகும்.

செல்போன் ஆப் போதாதா என்று கேட்பீர்கள். ஜி.பி.எஸ். வைத்துப் பரப்பு சொல்லும் ஆப்கள், பத்து ஏக்கர் தோப்பைச் சுற்றி நடந்து தோராயமாகப் பார்க்க உதவும். திறந்த வெளியிலேயே போன் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 12 மீட்டர் அகல மனைக்கு அதை நம்புவதைவிடக் காலடி எடுத்து வைத்து அளக்கலாம். கேமராவால் அளக்கும் ஆப்கள் சோபா நுழையுமா என்று பார்க்கத்தான் லாயக்கு. 2020-ல் ஐபோன் 12 புரோவில் வந்த லைடார் வசதியும் சுமார் ஐந்து மீட்டர் தூரத்துக்குத்தான்.

கருவி சொன்னதே தீர்ப்பல்ல

கடைசியாக ஒன்று. நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் லேசர் கருவி உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க மட்டுமே. எல்லைத் தகராறில் அதைக் காட்டி யாரும் ஜெயிக்க முடியாது. அதற்கு அரசு நில அளவரும் புல வரைபடமும்தான். தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா விவரத்தையும், பல இடங்களுக்குப் புல வரைபடத்தையும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அதில் பக்க அளவுகள் பொதுவாக மீட்டரில் இருக்கும். உங்கள் அளவை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் பெரிதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நில அளவரிடம் போங்கள்.

ஃபிளாட் என்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி சேராது. பத்திரத்தில் இருக்கும் கார்ப்பெட் ஏரியாவைச் சாவி வாங்கும் முன் அறை அறையாக அளந்து சரிபார்ப்பது உங்கள் உரிமை. சூப்பர் பில்ட்-அப் என்ற கணக்கில் மயங்க வேண்டாம்.

ஒரு மனையோ ஃபிளாட்டோ பலருக்கு வாழ்நாள் சேமிப்பு. அதை அளக்க வாங்கும் கருவியைப் பற்றிக் கடைக்காரரிடம் "எவ்வளவு தூரம் அளக்கும்?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு தப்பு செய்யும்?" என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் வரும் கருவியை வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மூன்று சாக்பீஸ் குறி போட்டு, அந்தப் பதில் உண்மைதானா என்றும் பார்த்துவிடுங்கள்.